டோனாவூர்: ஒரு ஜேர்மன் பெயரும் ஏழு பெண்களும்

டோனாவூர். இந்தப் பெயரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் வரும் 'ஊர்' நம்முடைய சொல். அதற்கு முன்னால் இருக்கும் 'டோனா' எங்கிருந்து வந்தது? நம் சபையில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது பழகின பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களிலும், ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையை ஞாயிறு பாடசாலையில் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். ஆனால் அது ஒரு ஜேர்மன் பிரபுவின் குடும்பப் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்கு அருகே இருக்கும் இந்தச் சிறிய ஊர், திருமணம் செய்யாமல் கூடி வாழ்ந்த பெண்களாலேயே உலகெங்கும் அறியப்பட்டது. ஐரோப்பாவில் இப்படி ஒரு பெண்கள் இல்லத்தைச் சுற்றி வளர்ந்த கிராமங்கள் பல உண்டு. நமக்கோ அது புதுமை. கன்னியர் மடம் என்றால் கத்தோலிக்கருடையது என்றுதான் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆகவே இம்மாதம் டோனாவூரின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்ப்போம்.

மடத்தைச் சுற்றி ஒரு கிராமம்

வட ஜேர்மனியில் செல்லே நகருக்கு அருகே வீன்ஹவுசன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ஏறக்குறைய 1230-ஆம் ஆண்டளவில், ஆக்னெஸ் என்ற அரச குடும்பத்துப் பெண் அங்கே ஒரு கன்னியர் மடத்துக்கு ஆதரவாக நின்றாள். அக்காலத்தில் மடம் இருந்தால் அதற்கு நிலம் இருக்கும். நிலம் இருந்தால் உழுகிறவர்கள் வேண்டும், மாவு அரைக்கிறவர்கள் வேண்டும், தச்சரும் கொல்லரும் வேண்டும். கோயில் மணி அடிக்கும் இடத்தைச் சுற்றி வீடுகள் எழும்பும். இப்படித்தான் ஐரோப்பாவின் பல கிராமங்கள் உண்டாயின.

வீன்ஹவுசன் மடத்தில் 1953-ல் ஒரு அதிசயம் நடந்தது. கன்னியர் நின்று பாடிய மேல்மாடத்தின் பலகைகளைப் பழுதுபார்க்க எடுத்தபோது, அதன் கீழே நூற்றாண்டுகளாக விழுந்து கிடந்த சிறு பொருட்கள் வெளிப்பட்டன. சின்னஞ்சிறு ஜெபப் படங்கள், கைவேலைச் சாமான்கள், அவற்றோடு சில மூக்குக் கண்ணாடிகள். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மூக்குக் கண்ணாடிகளில் மிகப் பழையவை அவைதான். பார்வை மங்கிய ஒரு வயதான கன்னிகை, சங்கீதம் வாசிக்கும்போது கை தவறி விட்டிருப்பாள். அந்தப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரிதாக இருந்த காலம் அது.

சீர்திருத்தம் வந்தது. மார்ட்டின் லூத்தர் மடங்களின் நேர்ச்சைகளை எதிர்த்து எழுதினார். 1523-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது நிம்ப்ஷன் மடத்திலிருந்து தப்பி வந்த பெண்களில் ஒருத்தியான கத்தரீனா ஃபொன் போராவை 1525-ல் மணந்தார். இந்தக் கதை நமக்குத் தெரியும். தெரியாத கதை இன்னொன்று உண்டு. வீன்ஹவுசன் இருந்த நாட்டை ஆண்ட எர்ன்ஸ்ட் பிரபு லூத்தரின் பக்கம் நின்றவர். 1530-ல் அவுக்ஸ்பூர்க் விசுவாச அறிக்கையில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் மடத்துப் பெண்களை மாறச் சொன்னபோது அவர்கள் இலகுவில் இணங்கவில்லை. மடத்துக் கட்டிடங்களில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் சென்றபின்பே அந்த இல்லம் லூத்தரன் இல்லமாயிற்று. ஆனால் மூடப்படவில்லை! இன்றைக்கும் அங்கே புரொட்டஸ்தாந்துப் பெண்கள் ஒரு தலைவியின் கீழ் சேர்ந்து வாழ்கிறார்கள். அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட சுவிசேஷ இல்லங்கள் இன்னும் சில உண்டு.

ஆக, சீர்திருத்தத்தோடு பெண்களின் கூட்டு வாழ்க்கை முடிந்துபோயிற்று என்பது முழு உண்மை அல்ல.

ரேனியஸ் ஐயரும் டோனா பிரபுவும்

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். சார்ல்ஸ் ரேனியஸ் 1790-ல் பிரஷியாவில் பிறந்த ஜேர்மன்காரர். ஆங்கிலேயரின் சி.எம்.எஸ். மிஷனால் அனுப்பப்பட்டு 1814-ல் சென்னைக்கு வந்தார். 1820-ல் பாளையங்கோட்டைக்குப் போனார். தமிழை ஆழமாகக் கற்று இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1838-ல் அங்கேயே மரித்து அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

அவர் காலத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. விசுவாசத்துக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் பிறருடைய நிலத்தில் குடியிருந்தவர்கள். ஞானஸ்நானம் பெற்ற அடுத்த வாரமே குடிசையை விட்டு இறக்கிவிடப்படலாம், கிணற்றில் தண்ணீர் மறுக்கப்படலாம். இதற்கு விடையாகத்தான் கிறிஸ்தவக் குடியிருப்புகள் தோன்றின. 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற தமிழ் உபதேசியாரின் முயற்சியால் உண்டான முதலூர் அவற்றில் முதலாவது. பெயரே அதைச் சொல்லுகிறது. ரேனியஸ் காலத்தில், இப்படி நிலம் வாங்கிக் கொடுப்பதற்கென்றே தர்ம சங்கம் ஏற்படுத்தப்பட்டது. விசுவாசிகளே அதற்குக் காசு போட்டார்கள். ஒரு துண்டு நிலம், நடுவிலே ஆலயம், சுற்றிலும் வீடுகள், ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம். இதுதான் அமைப்பு.

1820-களில் மலையடிவாரத்தில் இப்படி ஒரு குடியிருப்புக்குப் பணம் கொடுத்தவர், கிழக்குப் பிரஷியாவில் ஷ்லோடியன் என்ற ஊரிலிருந்த டோனா பிரபு. அவர் பெயரால் ஊருக்கு டோனாவூர் என்று பெயர் வந்தது.

இதில் சிந்திக்க ஒரு காரியம் இருக்கிறது. ஷ்லோடியன் என்ற பெயர் இன்று தேசப்படத்தில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதி போலந்து நாட்டுக்குப் போய், ஊருக்கும் போலந்துப் பெயர் வந்துவிட்டது. பிரபுவின் மாளிகையும் பாழடைந்துபோயிற்று. ஆனால் அவர் ஒருநாளும் பார்த்திராத ஒரு தமிழ்க் கிராமத்தில், பஸ்ஸின் நெற்றிப் பலகையிலும் கடிதங்களின் விலாசத்திலும் அவருடைய குடும்பப் பெயர் உயிரோடு இருக்கிறது. கொடுத்த காணிக்கை எங்கே போய் நிற்கும் என்று கொடுக்கிறவனுக்குத் தெரியாது.

மலையடிவாரத்துக் குடும்பம்

அதன்பின் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு டோனாவூர் மற்றக் கிறிஸ்தவக் கிராமங்களில் ஒன்றாகவே இருந்தது. பிறகு ஏமி கார்மைக்கேல் வந்தார். அவர் 1867-ல் வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்த பின் சாகும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒருதரமேனும் ஊருக்குத் திரும்பிப் போகவில்லை.

முதலில் அவர் செய்தது பிள்ளை வளர்ப்பு அல்ல. தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார். அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை இருந்தார். விதவை என்றால் வீட்டின் மூலையில் இருக்கவேண்டும் என்று கருதப்பட்ட காலத்தில் அவர் தெருவுக்கு வந்தார். அந்தப் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றி வைத்தார்கள். இங்கே ஸ்காபரோவில் ஒரு கலியாண வீட்டுக்கு நகையில்லாமல் போனால் எத்தனை கண்கள் திரும்பும் என்று நமக்குத் தெரியும். நூற்றிருபது வருஷத்துக்கு முன் திருநெல்வேலியில் அது எவ்வளவு பெரிய பேச்சாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1901 மார்ச் மாதத்தில், பண்ணைவிளையில் இருந்தபோது, பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி அவர்களிடம் வந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட இருந்த பிள்ளை, அங்கிருந்து தப்பி வந்தவள். அந்தப் பிள்ளை சொன்னவற்றைக் கேட்ட பின் ஏமியின் ஊழியத்தின் திசையே மாறிற்று. அதே வருஷம் அவர்கள் டோனாவூரில் தங்கினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள், பலர் கைக்குழந்தைகளாக. தாய்ப்பாலில்லாத குழந்தைகளைக் காப்பாற்றுவது அக்காலத்தில் எளிதல்ல. ஆகவே, மிஷன் வைத்தியசாலை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார்கள். அதன் பொறுப்பை ஏற்றவர் பொன்னம்மாள். மாட்டுப்பாலைக் காய்ச்சுவதும், புட்டிகளைச் சுத்தம் பண்ணுவதும், இராமுழுதும் விழித்திருப்பதும்தான் அங்கே ஊழியம். 1915-ல் அவர் புற்றுநோயால் மரித்தபோது, டோனாவூர்க் குடும்பம் தன் தூண்களில் ஒன்றை இழந்தது.

ஏமியின் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. ஆனால் பொன்னம்மாளைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அங்கே புத்தகம் எழுத ஒன்றுமே இருந்திராது.

ஏழு பெண்கள்

1916-ல் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கமானார்கள். கூட்டு வாழ்வின் சகோதரிகள் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை ஏமி ஐரோப்பாவின் மத்திய காலத்திலிருந்து எடுத்தார்.

பதினாலாம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெவன்டர் நகரில் கெர்ட் குரோட்டே என்பவர் இருந்தார். 1374-ல் அவர் தம்முடைய சொந்த வீட்டை, தேவனுக்கு ஊழியம் செய்ய விரும்பிய ஏழைப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெண்கள் கன்னியராக நேர்ச்சை செய்யவில்லை. தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட்டு, சேர்ந்து ஜெபித்தார்கள். அவர்களைப் போலவே ஆண்களின் சகோதர இல்லங்களும் எழும்பின. அவர்கள் புத்தகங்களைக் கையால் பிரதி எடுத்து வாழ்ந்தார்கள். லூத்தர் சிறுவனாக மக்டபூர்க்கில் ஒரு வருஷம் படித்தபோது அந்தச் சகோதரர்களிடம் படித்தார். மடத்துக்கும் சாதாரண வீட்டுக்கும் நடுவிலே மூன்றாவது ஒரு வழி அது.

டோனாவூரின் ஏழு பேரும் அந்த மூன்றாவது வழியைத்தான் எடுத்தார்கள். சாகும்வரை கட்டுப்படுத்தும் சபதம் இல்லை. ஒரு சகோதரி திருமணம் செய்ய விரும்பினால் செய்யலாம். சங்கத்திலிருந்து விலகுவாளே தவிரக் குடும்பத்திலிருந்து விலக்கப்படமாட்டாள். ஜெபம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கவும் இல்லை. குழந்தையின் துணி துவைப்பதும் ஆலயத்தில் முழங்காலில் நிற்பதும் ஒரே ஊழியத்தின் இரண்டு பக்கங்கள் என்று நினைத்தார்கள்.

திருமணமாகாத தமிழ்ப் பெண் என்றால் தகப்பன் வீட்டில், பிறகு அண்ணன் வீட்டில், பாரமாக எண்ணப்பட்டவள். 'இன்னும் கரையேறவில்லை' என்றே அவளைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிப்பட்ட பெண்கள் டோனாவூரில் இல்லங்களை நடத்தினார்கள், பள்ளிக்கூடத்தில் கற்பித்தார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள், கணக்கு எழுதினார்கள். 1918 முதல் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1927-ல் டோனாவூர் ஐக்கியம் தனி ஸ்தாபனமாகப் பதியப்பட்டது. அதே வருஷம் ஜெப ஆலயமும் கட்டப்பட்டது. வைத்தியசாலையும் வந்தது. பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை, ஜெபத்தில் கேட்பது மாத்திரமே என்பது அவர்களுடைய ஒழுங்கு.

நேர்மையாகச் சொல்லவேண்டியவை

ஊழியக்காரரின் கதையைச் சொல்லும்போது அவர்களைத் தேவதூதராக்கிவிடுவது நம்முடைய வழக்கம். அது வேண்டாம். ஏமி உறுதியான தலைவி. எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. அக்காலத்து மிஷனரிகளுக்குள்ளேயே அவரை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் வெளியுலகத்திலிருந்து மிகவும் ஒதுக்கி வளர்க்கப்பட்டார்கள் என்ற விமர்சனமும் உண்டு.

இன்னொன்று. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது வெள்ளைக்கார மிஷனரிகள் மட்டும் என்று நாம் சொல்லக்கூடாது. அந்தப் போராட்டத்தை நடத்தினவர்கள் தமிழ்ப் பெண்கள். சென்னைச் சட்டசபையில் வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையைத் தாமே அனுபவித்து, மேடைமேடையாகப் பேசினார். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்தது. இந்தப் பெண்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் நீதியை விரும்புகிற தேவன் அவர்களுடைய உழைப்பையும் கண்டார் என்று சொல்ல நமக்குத் தயக்கம் தேவையில்லை.

1931-ல் ஏமி ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே. 1951 ஜனவரியில் மரித்தார். தம் கல்லறையில் கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் ஒரு கல்தொட்டியை வைத்து, தாயைக் குறிக்கும் ஒரு சொல்லை மாத்திரம் அதிலே பொறித்தார்கள். ஐக்கியம் இன்றும் இருக்கிறது. இந்தியர்களே அதை நடத்துகிறார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு

யாழ்ப்பாணத்தில் வேர் உள்ளவர்கள் 'எங்கள் ஊரில் இப்படி இல்லையே' என்று சொல்லவேண்டாம். 1824-ல் அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய உடுவில் பெண்கள் பாடசாலைக்கு, 1840-ல் இலைசா அக்னியூ வந்தார். திருமணம் செய்யவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அந்தப் பாடசாலையை நடத்தினார். அமெரிக்காவுக்குத் திரும்பாமலே 1883-ல் நம் மண்ணில் மரித்தார். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரை நினைவுகூருவார்கள். நம் பூட்டிமாரின் தாய்மார் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதில் அவருக்கும் பங்கு உண்டு.

ரொறன்ரோவிலும் உண்டு. நோர்த் யோர்க்கில் கம்மர் அவெனியூவில் இருக்கும் செயின்ற் ஜோன்ஸ் புனர்வாழ்வு வைத்தியசாலையை உங்களில் சிலர் அறிவீர்கள். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் நம் அம்மம்மாமார், அப்பப்பாமார் சிலர் அங்கே நடை பழகியிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு மடம் இருக்கிறது. அது அங்கிலிக்கன் சபையின் கன்னியர் மடம். 1884-ல் ஹனா கிரியர் கூம் என்ற விதவை இந்த நகரில் அந்தச் சகோதரிகள் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, கனடாவின் வடமேற்கில் கலகம் மூண்டபோது, காயப்பட்டவர்களைப் பராமரிக்க அவர்கள் மூஸ் ஜோ வரைக்கும் போனார்கள். அந்த வைத்தியசாலையும் 1937-ல் அவர்கள் தொடங்கியதே. இன்று அது சனிபுறூக் வைத்தியசாலையோடு சேர்ந்திருக்கிறது.

நமக்கு என்ன?

இளைஞர்களே, இது கன்னியர் ஆகும்படி உங்களை அழைக்கும் கட்டுரை அல்ல. திருமணம் தேவன் கொடுத்த ஈவு. ஆனால் நம் சபைகளில் திருமணத்தை ஒரு பரீட்சைபோல ஆக்கிவிட்டோம். முப்பது வயது தாண்டிய ஒரு அக்கா ஆலயத்துக்கு வந்தால், அவள் வேலையைப் பற்றியோ விசுவாசத்தைப் பற்றியோ கேட்குமுன், 'இன்னும் ஒன்றும் சரிவரவில்லையா?' என்று கேட்கிறோம். தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அன்பாகத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஆலயத்துக்கு வருவதை நிறுத்துகிறவர்கள் உண்டு. அண்ணாமாருக்கும் இது பொருந்தும். திருமணம் முறிந்தவர்களுக்கும் துணையை இழந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். பவுல் 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் தனித்திருப்பதையும் தேவனுடைய வரம் என்றே எண்ணுகிறார். ஆலயத்தை விட்டு நீங்காமலிருந்த அன்னாள் ஒரு விதவை. பிலிப்பின் நான்கு குமாரத்திகளும் கன்னியர், தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்கள். நம் கர்த்தரும் திருமணம் செய்யவில்லை. அவரை யாரும் அரைமனிதர் என்று சொல்லமாட்டோம்.

டோனாவூரில் பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்கும், பிள்ளை பெறாத பெண்களுக்கும் ஒரே சமயத்தில் குடும்பம் கிடைத்தது. குடும்பம் என்பது இரத்தத்தால் மாத்திரம் அல்ல என்று நாம் பிரசங்கத்தில் கேட்கிறோம். அங்கே அது காய்ச்சின பாலாகவும் துவைத்த துணியாகவும் இருந்தது.

அடுத்த இளைஞர் கூட்டத்தில் இந்த மூன்று காரியங்களைப் பேசுங்கள்:

1. நம் சபையில் தனியாக வாழ்கிறவர்கள் எத்தனை பேர்? நத்தார் அன்று அவர்கள் எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள்?

2. நம் சபையின் ஊழியங்களில் எவற்றை அவர்கள் தாங்குகிறார்கள்? அதற்காக யாராவது அவர்களுக்கு நன்றி சொன்னதுண்டா?

3. 'எப்ப கலியாணம்?' என்ற கேள்விக்குப் பதிலாக நாம் கேட்கக்கூடிய நல்ல கேள்வி என்ன?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பதில் இப்போதே சொல்லலாம். 'ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாறீங்களா, அக்கா?' கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, உண்மையாகவே ஒரு கோப்பை அதிகமாக வையுங்கள்.